சேலத்து வானில் சின்ன விமானங்கள்

2025 நவம்பரில், சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு பயிற்சி விமானம் திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் நார்த்தாமலைக்குப் பக்கத்தில் அவசரமாகத் தரையிறங்கியது. ஒற்றை எஞ்சின் பொருத்திய சிறிய செஸ்னா விமானம் அது. நல்லவேளையாக உள்ளே இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். லாரியும் பஸ்சும் ஓடுகிற ரோட்டில் ஒரு ஏரோப்ளேன் நின்றுகொண்டிருந்த காட்சி, அன்று முழுக்க செல்போன்களில் சுற்றி வந்தது.

அந்தச் செய்தியைப் படித்தவர்களுக்கு உடனே எழக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. சேலத்தில் விமானம் ஓட்டவா கற்றுத் தருகிறார்கள்? மாம்பழம், ஸ்டீல் பிளான்ட், வெள்ளிக் கொலுசு என்று பெயர் வாங்கிய ஊர் சேலம். பக்கத்து நாமக்கல்லுக்கு முட்டையும் லாரியும் அடையாளம். இந்தச் சமவெளிக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. ஆனால் அது மிகத் தாமதமாக வந்தது. ஏன் தாமதம் என்று தெரிய வேண்டுமானால், சின்ன விமானங்கள் நம் நாட்டில் பறந்த கதையை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும். அந்தக் கதையில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். சின்ன விமானத்தின் வரலாறு என்பது வானத்தின் வரலாறு அல்ல, தரையின் வரலாறு. இறங்க இடம் எங்கே இருந்ததோ, அங்கேதான் விமானம் போனது.

ஹோட்டல்காரர் கட்டிய விமானம்

1909 ஜூலை 25. பிரான்ஸைச் சேர்ந்த லூயி பிளேரியோ தானே வடிவமைத்த விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். அந்தச் செய்தி உலகம் பூராவும் பரவியது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த கியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்ற ஐரோப்பியரின் காதிலும் அது விழுந்தது. தானும் ஒரு விமானம் கட்டிப் பறந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

அவர் யாரிடம் போனார் என்பதுதான் சுவாரசியம். குதிரை வண்டி கட்டுவதில் பெயர் வாங்கியிருந்த சென்னை சிம்சன் கம்பெனியிடம் போனார். அந்தக் காலத்து விமானம் என்பது மரச் சட்டம், துணி, கம்பி, ஒரு சின்ன எஞ்சின், அவ்வளவுதான். வண்டி கட்டத் தெரிந்த கைகளுக்கு அது புரியாத வேலை இல்லை. பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்தபின், 1910 மார்ச்சில் சென்னைத் தீவுத்திடலில் டிக்கெட் போட்டு மக்கள் முன்னால் பறந்து காட்டினார் டி ஏஞ்சலிஸ். இந்தியாவிலேயே முதன்முதலில் நடந்த விமானப் பறப்புகளில் இதுவும் ஒன்று.

இதற்கு அடுத்த ஆண்டு, 1911 பிப்ரவரி 18-ல், ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் அலகாபாத்திலிருந்து யமுனை நதியைத் தாண்டி நைனிக்கு சுமார் 6,500 கடிதங்களை விமானத்தில் கொண்டு போனார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் என்று புத்தகங்களில் இடம்பிடித்தது அந்தப் பயணம். அதனால் அலகாபாத்தை எல்லாரும் சொல்வார்கள். ஒரு ஹோட்டல்காரர் தன் சொந்த ஆசைக்காகத் தீவுத்திடலில் பறந்ததைச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் "தனியார் விமானி" என்ற வார்த்தைக்குத் தமிழ்நாட்டில் முதல் உதாரணம் தேடினால் டி ஏஞ்சலிஸ்தான் வந்து நிற்பார்.

ஸ்பார்க் பிளக் கொடுத்த போட்டியாளர்

முதல் உலகப் போருக்குப் பிறகு விமானம் மலிவானது. 1925-ல் இங்கிலாந்தில் டி ஹாவிலாண்ட் கம்பெனி "மாத்" என்ற சின்ன விமானத்தை வெளியிட்டது. இரண்டு பேர் உட்காரலாம். இறக்கைகளை மடக்கி ஒரு கொட்டகையில் நிறுத்திவிடலாம். மணிக்கு 140 கிலோமீட்டர் போல வேகம். கார் வாங்க முடிந்த பணக்காரருக்கு விமானமும் எட்டும் என்ற நிலை வந்தது. உலகம் முழுக்கப் பறக்கும் கிளப்புகள் முளைத்தன. இந்தியாவிலும் கராச்சி, டெல்லி, பம்பாய், கல்கத்தா என்று கிளப்புகள் வந்தன. சென்னையில் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் 1930 வாக்கில் மீனம்பாக்கத்தில் பறக்கத் தொடங்கியது.

1929 பிப்ரவரி 10-ல் ஜே.ஆர்.டி. டாடா விமானி லைசென்ஸ் வாங்கினார். இந்தியாவில் வழங்கப்பட்ட லைசென்ஸ்களில் எண் 1 அவருடையது. அதே காலத்தில் ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தன்னந்தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன். எந்தப் பக்கத்திலிருந்தும் கிளம்பலாம்.

1930-ல் மூன்று பேர் முயன்றார்கள். மன்மோகன் சிங், ஆஸ்பி எஞ்சினியர், ஜே.ஆர்.டி. டாடா. ஆஸ்பி அப்போது இருபது வயதைக்கூடத் தொடாத பையன்! ஆஸ்பி இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கும் டாடா கராச்சியிலிருந்து இங்கிலாந்துக்குமாகக் கிளம்பி, வழியில் எகிப்தின் அபூகீரில் சந்தித்துக்கொண்டார்கள். ஆஸ்பி அங்கே ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார். டாடா தன்னிடமிருந்த உபரி பிளக்குகளைக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசியில் சில மணி நேர வித்தியாசத்தில் ஜெயித்தவர் ஆஸ்பி! மன்மோகன் சிங்கும் பயணத்தை முடித்தார், ஆனால் கெடு தாண்டிவிட்டது. ஆஸ்பி பிற்பாடு 1960 முதல் 1964 வரை இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தார்.

இந்தக் கதையைப் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். அது சரிதான். ஆனால் இன்னொன்றும் இதில் இருக்கிறது. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி எரிபொருள் நிரப்பியாக வேண்டிய விமானங்கள் அவை. இறங்கும் இடத்தில் எரிபொருளோ ஸ்பார்க் பிளக்கோ கிடைக்காவிட்டால் பயணம் அங்கேயே முடிந்தது. அதனால்தான் எல்லாருடைய பாதையும் ஒன்றாக இருந்தது. அதனால்தான் போட்டியாளர்கள் பாலைவனத்து ஓரத்தில் சந்தித்துக்கொண்டார்கள்.

அதே 1930-ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த ஏமி ஜான்சனும் கராச்சி, ஜான்சி, அலகாபாத், கல்கத்தா வழியாகத்தான் போனார். வட இந்தியாவின் குறுக்கே ஓடிய அந்தப் பாதையில் ஓடுபாதை, பெட்ரோல், வானிலைத் தகவல் எல்லாம் இருந்தன. விந்திய மலைக்குத் தெற்கே இறங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. உலகம் சுற்றிய விமானிகளுக்குத் தமிழ்நாடு வழியில் இல்லாத ஊர்.

மாட்டு வண்டியில் வந்த பெட்ரோல்

தெற்கே விமானம் ஒழுங்காக வரத் தொடங்கியது தபாலால்தான். நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானப் படை அதிகாரி, இந்தியாவில் ஊர் ஊராகப் போய் மக்களைக் காசுக்கு ஏற்றிப் பறந்து காட்டியவர். கராச்சியில் வந்து இறங்கும் லண்டன் தபாலை பம்பாய் வழியாக சென்னைக்கு விமானத்தில் கொண்டு போகலாமே என்ற யோசனையை டாடாக்களிடம் கொண்டு போனவர் அவர்தான்.

1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. ஒரு "புஸ் மாத்" விமானத்தில் தபாலோடு கிளம்பினார். வழியில் அகமதாபாத்தில் எரிபொருள் நிரப்ப வேண்டும். பர்மா ஷெல் கம்பெனியின் பெட்ரோல் டின்கள் அங்கே மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன! பம்பாயில் தபாலை வின்சென்ட் வாங்கிக்கொண்டு பெல்லாரிக்குப் பறந்தார். இரவு அங்கே தங்கல். மறுநாள் சென்னை.

ரேடியோ கிடையாது. ஒரு காம்பஸ், ஒரு மேப், கீழே தெரியும் ரயில் தண்டவாளம், ஆறு, கோயில் கோபுரம். இவைதான் வழிகாட்டி. பம்பாயில் ஜூஹு ஓடுபாதை கடற்கரைச் சேற்றுநிலம் என்பதால் மழைக்காலத்தில் தண்ணீரில் மூழ்கிவிடும். உடனே மொத்தக் கடையையும் தூக்கிக்கொண்டு பூனாவுக்குப் போய்விடுவார்கள். இன்றைய ஏர் இந்தியாவின் ஆரம்பம் இப்படித்தான் இருந்தது. தரை நனைந்தால் வானமும் மூடிக்கொள்ளும்.

பெல்லாரியிலிருந்து சென்னைக்குப் போகும் நேர்கோடு சேலத்துக்கு வெகு வடக்கே போகிறது. ஆக, தபால் விமானமும் சேலம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

போர் விட்டுச் சென்ற ஓடுபாதைகள்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மா வரை வந்ததும் நிலைமை மாறியது. தென்னிந்தியா முழுக்க அவசர அவசரமாக ஓடுபாதைகள் போடப்பட்டன. சூலூர், சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று வரிசையாகச் சொல்லலாம். போர் முடிந்ததும் சூலூர் விமானப் படையிடம் நிலைத்தது. சோழவரத்தில் மோட்டார் பந்தயம் ஓடியது. மற்றவை ஆடு மேயும் கான்கிரீட் பட்டைகளாகக் கிடந்தன.

நினைத்துப் பார்த்தால் இது ஒரு பெரிய வாய்ப்பு. அமெரிக்காவில் போர்க்காலத்து ஓடுபாதைகள் பலவற்றை ஊராட்சிகளிடம் கொடுத்தார்கள். அங்கே சின்ன ஊர்களிலெல்லாம் இன்று சின்ன விமானங்கள் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு டாக்டரோ விவசாயியோ சனிக்கிழமை காலை தன் விமானத்தில் பக்கத்து ஊருக்குப் போய் டிபன் சாப்பிட்டுவிட்டு வருவது அங்கே அதிசயம் இல்லை. இங்கே அப்படி நடக்கவில்லை. வீட்டில் சோறே பிரச்சினையாக இருந்த நாட்டில் யார் விமானம் வாங்கப் போகிறார்கள்? அதுவும் நியாயம்தான். 1953-ல் விமானக் கம்பெனிகள் தேசியமயமாயின. விமானம் என்றால் அரசாங்கம் ஓட்டுவது, பெரிய மனிதர்கள் ஏறுவது என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியது.

அந்தக் காலத்திலும் சென்னைக்கு ஒரு அருமையான பயணம் கிடைத்தது. மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பில் பயிற்சி தந்தவர் வி.சுந்தரம். அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானி. பெங்களூர் ஜக்கூரில் இருந்த அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949-ல் தேறியவர். சென்னை அரசாங்கம் ஒரு "டவ்" விமானம் வாங்க முடிவு செய்தபோது, 1950-ல் இந்தத் தம்பதி இங்கிலாந்துக்குப் போய் அதைத் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பம்பாய் வரை 27 மணி நேரம். அந்தக் காலத்துக்கு அது ஒரு சாதனை. இரண்டு எஞ்சின் இருந்தாலும் டவ் சின்ன விமானம்தான், பத்துப் பேர் ஏறினால் நிறைந்துவிடும். டெலிவரி எடுக்க ஆள் அனுப்பாமல் புருஷனும் பெண்சாதியும் போய் ஓட்டிக்கொண்டு வந்த கதை, இன்று ஷோரூமில் கார் எடுத்து ஊருக்கு ஓட்டி வருகிறவர்களுக்கு நன்றாகப் புரியும்.

ஆசைக்குப் பறந்தவர்கள்

அதற்குப் பிறகு தனியார் பறப்பு ஏறக்குறைய மறைந்தே போனது. ஆனால் முழுவதும் சாகவில்லை. 1982-ல், முதல் தபால் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டில், 78 வயதான ஜே.ஆர்.டி. டாடா பழைய மாத் விமானம் ஒன்றில் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மறுபடி பறந்தார். 1988-ல் தொழிலதிபர் விஜய்பத் சிங்கானியா லண்டனிலிருந்து இந்தியாவுக்கு மைக்ரோலைட் விமானத்தில் 23 நாளில் தனியாக வந்து சேர்ந்தார். மைக்ரோலைட் என்பது மோட்டார் பைக்குக்கு இறக்கை முளைத்தது போல ஒரு சாதனம். 2007-ல் இந்திய விமானப் படையின் ராகுல் மோங்காவும் அனில் குமாரும் அதே வகை விமானத்தில் உலகத்தையே 80 நாளில் சுற்றி வந்தார்கள்.

மிகச் சமீபத்தில் மும்பையின் ஆரோஹி பண்டிட். 2019 மே மாதம், 80 குதிரைத் திறன் எஞ்சின் கொண்ட "மாஹி" என்ற இலகு விமானத்தில் தனியாக அட்லாண்டிக் கடலைத் தாண்டினார். ஸ்காட்லாந்தில் கிளம்பி ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வழியாகக் கனடாவில் இறங்கினார். அந்த எஞ்சினின் சக்தி நம்மூரில் ஓடும் சாதாரணக் கார் எஞ்சின் அளவுதான். 2021 அக்டோபர் 15-ல் டாடாவின் 1932 பயணத்தை நினைவுகூர்ந்து புஜ்ஜிலிருந்து அகமதாபாத் வழியாக ஜூஹுவுக்குப் பறந்தார். ஜி.பி.எஸ். இல்லை, ஆட்டோபைலட் இல்லை. கிளம்பிய இடம் புஜ் என்பது பொருத்தம்தான். 1971 போரில் குண்டு வீச்சில் சிதைந்த புஜ் ஓடுபாதையைப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள்தான் மூன்றே நாளில் மறுபடி போட்டுக் கொடுத்தார்கள். அங்கேயும் கதை தரையில்தான் தொடங்குகிறது.

கமலாபுரத்தின் கதை

இப்போது சேலத்துக்கு வரலாம். ஓமலூருக்குப் பக்கத்தில் கமலாபுரத்தில் விமான நிலையம் வந்தது 1993-ல். ஒரு தனியார் கம்பெனி சேவை தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே நிறுத்திவிட்டது. பல வருடம் ஓடுபாதை சும்மா கிடந்தது. 2009-ல் கிங்ஃபிஷர் வந்து 2011-ல் போனது. 2018 மார்ச்சில் "உடான்" திட்டத்தில் ட்ரூஜெட் வந்து, அதுவும் 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி சேவைகள் தொடங்கின.

ஒவ்வொரு முறை சேவை நின்றபோதும் "சேலத்துக்கு எதற்கு ஏர்போர்ட்?" என்ற கேள்வி எழுந்தது. கேள்வியிலேயே ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. விமான நிலையம் என்றால் டிக்கெட் வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போகிறவர்களுக்காக மட்டும்தான் என்ற அனுமானம். சுமார் 1,800 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதையை அந்த ஒரே அளவுகோலால்தான் முப்பது வருடம் அளந்து பார்த்தார்கள்.

வேறு அளவுகோல் வந்தது 2022-ல். இந்திய விமான நிலையங்கள் ஆணையம் விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய இரண்டாம் சுற்றில் பாவ்நகர், ஹூப்ளி, கடப்பா, கிஷன்கர் ஆகிய ஊர்களோடு சேலமும் இடம்பிடித்தது. பயணிகள் விமானம் வராத நேரத்திலும் ஓடுபாதைக்கு வேலை வந்தது.

மேலிருந்து பார்த்தால்

பறக்கக் கற்கிறவனுக்கு இந்தச் சமவெளி ஒரு நல்ல பள்ளிக்கூடம். அதே சமயம் கண்டிப்பான வாத்தியார். சேலம் ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு நேர் கிழக்கே 15 கிலோமீட்டர் தூரத்திலேயே ஏற்காட்டைச் சுமந்து நிற்கும் சேர்வராயன் மலை 1,600 மீட்டரைத் தொடுகிறது. மேற்கே 30 கிலோமீட்டருக்குள் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. தெற்கே கஞ்சமலை, அதைத் தாண்டினால் நாமக்கல்லின் ஒற்றைப் பாறையும் மேலே கோட்டையும். தென்கிழக்கே கொல்லிமலை சுவர் போல எழுந்து நிற்கும். மேற்கு எல்லையில் காவிரி ஒரு கோடு.

1932-ல் வின்சென்ட் வழி கண்டுபிடித்த முறையை இன்றும் மாணவர்கள் கற்றாக வேண்டும். ஜி.பி.எஸ். இருந்தாலும், கீழே தெரியும் அடையாளத்தையும் மேப்பையும் கடிகாரத்தையும் ஒத்துப் பார்த்துப் பறப்பதுதான் அடிப்படைப் பாடம். காவிரியும் மேட்டூரும் நாமக்கல் பாறையும் இருக்கிற ஊரில் இந்தப் பாடம் சுலபம். சித்திரை, வைகாசி வெயிலில் பாடம் கடினமாகும். சூடேறிய காற்று அடர்த்தி குறையும். இறக்கைக்குப் பிடிமானம் குறையும். எஞ்சினும் திணறும். மேலே எழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். மத்தியானத்தில் காய்ந்த காட்டிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்று சின்ன விமானத்தைக் குண்டும் குழியுமான ரோட்டில் போகும் ஜீப் போலத் தூக்கிப் போடும். அதனால் அந்த மாதங்களில் பறப்பதற்குக் காலை நேரம்தான் நல்லது.

ஒரு லைசென்ஸுக்கு என்ன வேண்டும்?

தனியார் விமானி லைசென்ஸ் வாங்க இந்தியாவில் குறைந்தபட்ச வயது 17. படிப்பு பத்தாம் வகுப்பு போதும். மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, ரேடியோ லைசென்ஸ், 40 மணி நேரப் பறப்பு. சம்பளத்துக்கு ஓட்ட வேண்டுமானால் கமர்ஷியல் லைசென்ஸ். அதற்கு வயது 18, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும், 200 மணி நேரப் பறப்பு.

தனியார் லைசென்ஸுக்கான பயிற்சியில் ஒரு முக்கியமான கட்டம் உண்டு. மாணவன் தனியாக 150 கடல் மைல், அதாவது சுமார் 270 கிலோமீட்டர் சுற்றி, நடுவில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கிக் கிளம்பி வர வேண்டும். கணக்குக்காக சேலம் - திருச்சி - கோவை - சேலம் என்று ஒரு முக்கோணம் போட்டால் ஏறக்குறைய 450 கிலோமீட்டர் வரும். மணிக்கு 220 கிலோமீட்டர் போகும் செஸ்னா 172-க்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். பஸ்சில் போனால் நாள் முழுக்க ஆகும் தூரம்.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நிறைய வேலை இருக்கிறது. பறப்புத் திட்டம் கொடுக்க வேண்டும். வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும், அது இல்லாமல் போனால் அடையாளம் தெரியாத விமானம் என்று கணக்காகிவிடும். கண்ணால் பார்த்துப் பறக்கும் விதியில் சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குப் பிறகு பறக்க முடியாது. அப்புறம் பெட்ரோல். சின்ன விமானங்களுக்கான ஏவியேஷன் பெட்ரோலை 2022 வரை வெளிநாட்டிலிருந்துதான் இறக்குமதி செய்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் இந்தியன் ஆயில் வதோதரா ஆலையில் தயாரித்து அறிமுகப்படுத்தியது. ஒரு செஸ்னா மணிக்கு 30 லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆசைக்குப் பறப்பவர்கள் இந்தியாவில் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

மீதிப் பாதி? போய் இறங்க இடமில்லை என்பது. விமானம் வாங்கி, பெட்ரோல் போட்டு, அனுமதி வாங்கிவிட்டாலும் சேலத்துக்காரர் எங்கே போவார்? பெரிய விமான நிலையங்களில் ஜெட் விமானங்களுக்கு நடுவே இடம் கேட்டு நிற்க வேண்டும். நாமக்கல்லிலோ தர்மபுரியிலோ பெரம்பலூரிலோ விமான நிலையம் கிடையாது. பாதி வழியில் எஞ்சின் மக்கர் செய்தால் நெடுஞ்சாலையோ காய்ந்த ஏரியோதான் கதி. நார்த்தாமலையில் நடந்ததை அந்தக் கண்ணோடு பார்த்தால் அது வெறும் விபத்துச் செய்தியாகத் தெரியாது.

திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. டி ஏஞ்சலிஸின் விமானத்தைக் கட்டியவர்கள் வண்டி கட்டுகிறவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இன்று தமிழ்நாட்டில் வண்டி கட்டும் தொழில் எங்கே இருக்கிறது? நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும்! லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் அங்கே தெருத்தெருவாக இருக்கின்றன. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்த் துளை போட்டுவிட்டு வருகின்றன. எஞ்சினைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த, வெளியூர்ப் பயணத்துக்கு அஞ்சாத ஜனங்கள். விமானத்துக்கு வேண்டிய குணமும் இதுதானே.

தரை யாருடையது?

எல்லா ஊரிலும் ஓடுபாதை போட்டுவிடலாம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். கமலாபுரம் விவசாயிகளைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். 2018-ல் சேலம் விமான நிலையத்தை விரிவாக்க 500 ஏக்கருக்கு மேல் நிலம் கேட்டபோது கமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஊர்க்காரர்கள் எதிர்த்துப் போராடினார்கள். கிணற்றுப் பாசனத்தில் பூவும் காய்கறியும் விளைகிற பூமி. வானத்துக்குப் பட்டா கிடையாது, தரைக்கு உண்டு. இந்தக் கட்டுரை முழுக்க வந்த அத்தனை பயணங்களுக்கும் கீழே யாரோ ஒருவருடைய தரை இருந்தது. பல்லாவரத்திலும் சோழவரத்திலும் கயத்தாறிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டும். 500 ஏக்கர் கேட்பது பெரிய ஜெட் விமானம். செஸ்னா போன்ற சின்ன விமானம் எழும்பி ஒரு மரத்தைத் தாண்ட 500, 600 மீட்டர் போதும். வெயில் காலத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாலும், சேலத்தில் ஏற்கெனவே இருக்கும் ஓடுபாதை அதைப்போல இரண்டு பங்குக்கு மேல். சின்ன விமானத்துக்காக யாருடைய கிணற்றையும் மூட வேண்டியதில்லை. பழைய போர்க்கால ஓடுபாதைகளில் சிலவற்றைச் செப்பனிட்டால்கூட ஒரு மாணவனுக்கு வழியில் இறங்க இடம் கிடைக்கும். எஞ்சின் மக்கர் செய்தால் நெடுஞ்சாலையைத் தேட வேண்டியிருக்காது.

1910-ல் ஒரு ஹோட்டல்காரருக்குத் தீவுத்திடல் போதுமானதாக இருந்தது. 1932-ல் ஒரு தபால் விமானத்துக்குப் பெல்லாரியில் ஒரு மைதானமும் அகமதாபாத்தில் ஒரு மாட்டு வண்டியும் போதுமானதாக இருந்தன. சேலம், நாமக்கல் சமவெளியில் இப்போதுதான் பிள்ளைகள் மேலே போய், தங்கள் ஊர் ஏரியையும் மலையையும் மேப்போடு ஒத்துப் பார்க்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கி ஏதாவது கம்பெனியின் ஏர்பஸ்ஸில் போய் உட்காருவார்கள். அதில் தப்பே இல்லை. ஒருவராவது சம்பளத்துக்கு இல்லாமல், வெறும் ஆசைக்காக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கமலாபுரத்திலிருந்து கிளம்பிக் கொல்லிமலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும் நாள் வந்தால், டி ஏஞ்சலிஸ் ஆரம்பித்த கணக்கில் இந்தச் சமவெளியின் பெயரும் சேர்ந்துவிடும்.